ஃபாபுலா அல்டிமா: திரையிலிருந்து மேசைக்குத் திரும்பிய மாயக்கதை

மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் பகடையும் பேச்சும் கொண்டு ஆடும் பாத்திர விளையாட்டுகளில், வீடியோ கேம்களுக்குத் தான் பட்டிருக்கும் கடனை ஃபாபுலா அல்டிமாவைப் போல வெளிப்படையாகச் சொல்லும் நூல் வேறொன்றை நான் படித்ததில்லை. எமானுவேலே கல்லெத்தோ எழுதி, இத்தாலியின் நீட் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட இந்த விதிநூல், மேசைப் பாத்திர விளையாட்டுகளுக்கான எனி விருதுகளில் 2023-ஆம் ஆண்டு சிறந்த விளையாட்டுக்கான தங்க விருதைப் பெற்றது. ஜப்பானியக் கன்சோல் விளையாட்டுகளின் உணர்வை மேசைக்குக் கொண்டுவருவதே இதன் நோக்கம். அந்த நோக்கம் பெரும்பாலும் நிறைவேறியிருக்கிறது என்பதும், அது நிறைவேறாத இடங்களும் கவனித்துப் படிக்கத்தக்கவை என்பதும் பல மாதங்கள் இதை நடத்திப் பார்த்த பின் என் முடிவு.

இந்த நூலின் பூர்வீகம் ஒரு வட்டப் பாதை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைப் பாத்திர விளையாட்டை வெளியிட்டார்கள். அதைக் கணினியில் ஆட முயன்றதன் விளைவுகளில் ஒன்று 1981-இல் வந்த விசர்ட்ரி. விசர்ட்ரியையும் அல்டிமா என்ற இன்னொரு கணினி விளையாட்டையும் விரும்பி ஆடிய யூஜி ஹொரி 1986-இல் டிராகன் குவெஸ்ட் என்ற ஜப்பானியக் கன்சோல் விளையாட்டை உருவாக்கினார். அடுத்த ஆண்டே ஃபைனல் ஃபேண்டசி வந்தது. அந்த முதல் ஃபைனல் ஃபேண்டசியில் மந்திரங்கள் நிலைவாரியாக, நிலைக்கு இத்தனை முறை என்று கணக்கிடப்பட்டிருந்ததைப் பார்த்தால், அமெரிக்க மேசையின் சாயல் எவ்வளவு அழுத்தமாக விழுந்திருந்தது என்பது புரியும். பிறகு ஜப்பானியர்கள் அந்தச் சாயலிலிருந்து விலகித் தங்களுக்கென்று ஓர் உலகைக் கட்டிக்கொண்டார்கள். வானில் பறக்கும் கப்பல்கள், உயிருள்ள படிகங்கள், பேரரசை எதிர்க்கும் பதினாறு வயதுப் பிள்ளைகள், அழுதுகொண்டே வாளெடுக்கும் எதிரிகள் என்று விரிந்த அந்த உலகமே இன்று பலருக்கு மாயக்கதை என்றதும் முதலில் நினைவுக்கு வருகிறது. இவர்களில் பலர் குள்ளரையும் எல்ஃபையும் புத்தகத்தில் சந்திப்பதற்கு முன்பே திரையில் சந்தித்தவர்கள். அவர்கள் மேசைக்கு வரும்போது கொண்டுவரும் எதிர்பார்ப்புகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த நூல் ஒரு பதில்.

இதற்கு முன்பும் பதில்கள் வந்திருக்கின்றன. 2008-இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு, பாத்திரங்களைக் காப்பவர், தாக்குபவர், வழிநடத்துபவர், கட்டுப்படுத்துபவர் என்று நான்கு பொறுப்புகளாகப் பகுத்தது. ஒவ்வொரு திறனும் எப்போதும், மோதலுக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை என்று பெட்டிபெட்டியாக அச்சிடப்பட்டிருந்தது. காப்பவர் எதிரியைக் குறிவைத்துத் தன்பக்கம் இழுக்கும் விதியைப் படித்த பலருக்கு, 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு நினைவுக்கு வந்தது. அந்த ஒப்பீடு குற்றச்சாட்டாகவே நிலைத்துவிட்டது. நான்காம் பதிப்பு நேர்த்தியான போர் விளையாட்டு என்று நான் இன்றும் கருதுகிறேன். ஆனால் அது வாசகருக்கு நினைவூட்டியது திரையின் பொத்தான்களையும் அவற்றைத் திரும்ப அழுத்தக் காத்திருக்கும் நேரத்தையும்தான். இரவு இரண்டு மணிவரை கண்விழித்து ஆடியவர்கள் மனத்தில் தங்கியிருப்பது பொத்தான் அன்று, கதை. கல்லெத்தோ அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார் என்பதே இந்த நூலின் பலம்.

அடிப்படை விதி எளிமையானது. சுறுசுறுப்பு, நுண்ணறிவு, வலிமை, மனவுறுதி என்ற நான்கு பண்புகளுக்கும் எண்ணுக்குப் பதிலாக ஒரு பகடை உண்டு. ஆறு முகப் பகடையிலிருந்து பன்னிரண்டு முகப் பகடை வரை அது வளரலாம். எந்தச் செயலுக்கும் இரண்டு பண்புகளின் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை எட்ட வேண்டியது இயல்பான சிரமத்துக்கு 10, கடினமானதற்கு 13. இந்த இரட்டைப் பகடை முறை ர்யூதாமா என்ற ஜப்பானிய மேசை விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நூலே நன்றியோடு சொல்கிறது. தாக்கும்போது அதே பகடைகளில் பெரியது காட்டும் எண் சேதத்தில் சேர்ந்துவிடுவதால், சேதத்துக்கென்று இன்னொரு முறை உருட்ட வேண்டியதில்லை. நஞ்சு, மயக்கம், நடுக்கம் போன்ற நிலைகள் திரையில் தலைக்குமேல் மிதக்கும் சின்னங்களாக வரும். இங்கே அவை பகடையின் அளவைக் குறைக்கின்றன. நஞ்சுண்ட வீரனின் வலிமைப் பகடையும் மனவுறுதிப் பகடையும் ஒரு படி சிறியவையாகின்றன. பத்து முகப் பகடையை வைத்துவிட்டு எட்டு முகப் பகடையைக் கையிலெடுக்கும் அந்தக் கணத்தில் ஆடுபவரின் முகம் மாறுவதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். திரையால் தர முடியாத உணர்வு அது.

நூலின் உயிர்நிலை, சாவைப் பற்றிய விதி. ஜப்பானியக் கன்சோல் விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு ஒரு பழைய முரண் தெரிந்திருக்கும்: நூறு சண்டைகளில் விழுந்த தோழி ஃபீனிக்ஸ் இறகு பட்டதும் எழுந்து நிற்பாள், ஆனால் கதை அவளைக் கொன்றுவிட்டால் எந்த இறகும் உதவாது. பழைய மேசை விளையாட்டுகளோ இரண்டையும் பிரிப்பதில்லை. வாயிற்படிப் பொறியில் தவறி விழுந்தாலும், உலகைக் காக்கும் போரில் வீழ்ந்தாலும் சாவு ஒன்றே. ஃபாபுலா அல்டிமா அந்த முரணையே விதியாக்கிவிட்டது. உயிர்ப்புள்ளிகள் தீர்ந்தவர் சரணடையலாம், அல்லது தன்னையே பலிகொடுக்கலாம். சரணடைந்தால் உயிர் தப்பும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலை கதையில் தீர்மானமாகும். பலிகொடுப்பதற்கு நிபந்தனைகள் உண்டு: கதையின் முதன்மை எதிரிகளில் ஒருவர் அந்தக் காட்சியில் இருப்பது, நெருங்கிய பிணைப்புள்ளவருக்கு அந்தச் சாவு பயன்படுவது போன்றவை அவை. நிபந்தனை நிறைவேறினால், முடியாததாகத் தோன்றிய ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டு அந்தப் பாத்திரம் கதையிலிருந்து என்றென்றைக்குமாக விலகுகிறது. எந்தப் பாத்திரமும் தற்செயலாகச் சாவதில்லை. இதனால் பயம் குறைந்துவிடுமே என்று முதலில் நானும் ஐயப்பட்டேன். ஆனால் சாகலாமா என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டிய நிலை வந்தபோது எங்கள் மேசையில் நிலவிய அமைதி, எந்தப் பகடையும் அதுவரை தந்திராதது.

எதிரிகளுக்கும் இதே கரிசனம் காட்டப்படுகிறது. முதன்மை எதிரிகளிடம் அல்டிமா புள்ளிகள் இருக்கும். அவற்றில் ஒன்றைச் செலவழித்து அவர்கள் காட்சியிலிருந்து பாதுகாப்பாக வெளியேறலாம். திரையில் கருப்பு மேலங்கி அணிந்தவன் சிரித்துக்கொண்டே மறைவதைப் பலமுறை பார்த்தவர்கள்கூட, மேசையில் அது முதல்முறை நடந்தபோது கொதித்துப்போனார்கள். “அண்ணா, இன்னும் ஒரு அடியில முடிஞ்சிருக்கும். எப்படித் தப்பிச்சுப் போவான்?” என்று எங்கள் குழுவின் இளையவர் கேட்டார். புள்ளிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, தீர்ந்தபின் அவன் ஓட முடியாது என்பதை விளக்கியதும் கோபம் வேட்டையாக மாறிவிட்டது. அத்தகைய எதிரி காட்சிக்குள் நுழையும்போதெல்லாம் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு ஃபாபுலா புள்ளி கிடைப்பதால், அவன் வருகையை அவர்களே எதிர்பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்தப் புள்ளியைக் கொண்டு பகடையை மீண்டும் உருட்டலாம். அல்லது ஒருவர்மேல் கொண்ட மதிப்பு, ஐயம், பாசம், வெறுப்பு போன்ற பிணைப்புகளை விளைவோடு கூட்டலாம். திரையில் தோற்றதும், முன்பு சேமித்துவைத்த கட்டத்துக்குத் திரும்பிச் சென்று ஆடிப் பழகியவர்களின் ஆசைக்கு இது நாகரிகமான மாற்று.

பொருள்களின் கணக்கும் திரையிலிருந்து வந்ததுதான். பையில் எத்தனை மருந்துப் புட்டிகள் என்று எழுதிவைக்க வேண்டாம். அவரவரிடம் உள்ள பொருட்புள்ளிகள் சிலவற்றைச் செலவழித்து, வேண்டும்போது வேண்டியதை எடுத்ததாகக் கொள்ளலாம். இந்த விதியை வேறு விளையாட்டுகளுக்கும் எடுத்துச் சென்றுவிட்டேன்.

பாத்திரங்கள் ஐந்தாம் நிலையில், இரண்டு அல்லது மூன்று வகுப்புகளோடு, அதாவது திறன் தொகுப்புகளோடு, தொடங்குகின்றன. பதினைந்து வகுப்புகளில் கைமெரிஸ்ட் என்பது விலங்குகளிடமிருந்து மந்திரம் கற்பது. 1992-இல் வந்த ஐந்தாம் ஃபைனல் ஃபேண்டசியின் நீல மந்திரவாதியை அறிந்தவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். உலகத்தை ஆட்ட நடத்துநர் தனியாகப் படைத்துக் கொண்டுவருவதில்லை. முதல் அமர்விலேயே எல்லோரும் சேர்ந்து வரைபடம் வரைந்து, நாடுகளுக்குப் பெயரிட்டு, அச்சுறுத்தல்களைத் தீர்மானிக்கிறார்கள். அதற்கு எல்லை கட்டுபவை நூல் வகுக்கும் எட்டுத் தூண்கள். எல்லாவற்றுக்கும் ஆன்மா உண்டு, மந்திரமும் தொழில்நுட்பமும் இணைந்திருக்கும், உலகம் ஆபத்தில் இருக்கிறது போன்றவை அவை. ஆளுக்கொரு விளையாட்டை நினைத்துக்கொண்டு வந்தவர்களை ஒரே உலகில் உட்காரவைக்க, நீண்ட கொள்கை விளக்கங்களைவிட இந்தத் தூண்கள் அதிகம் உதவின.

குறைகள் சண்டையில் தெரிகின்றன. நெருப்பு, பனி, இடி என்று சேத வகைகளும், எதிரிக்கு எது பலவீனம், எதை அவன் உறிஞ்சிக்கொள்வான் என்ற பட்டியலும் அப்படியே திரையிலிருந்து வந்தவை. எதிரியை ஆராயும் செயல் ஒன்று உண்டு. நன்றாக உருட்டினால் நடத்துநர் அந்தப் பட்டியலைத் திறந்துகாட்ட வேண்டும். சில அமர்வுகளிலேயே எங்கள் குழுவில் முதல் முறைவருபவர் ஆராய்வார், மற்றவர்கள் பலவீனத்தை அடிப்பார்கள் என்பது சடங்காகிவிட்டது. கட்டமிட்ட வரைபடமும் இடநிலையும் இல்லாததால், பாலத்தை உடைப்பதும் கூரையில் ஏறுவதும் நடத்துநர் தூண்டினாலன்றி நிகழ்வதில்லை. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேமை ஆடிவிட்டு, உயரத்தையும் எண்ணெய்ப் பீப்பாயையும் பயன்படுத்த ஆசையோடு வந்த நண்பர் ஒருவர் இங்கே ஏமாந்தார். அவர் ஏமாற்றம் நியாயமானது. எதிரிகளைத் தயாரிக்கும் உழைப்பும் குறைவன்று: ஒரு பெரிய சண்டைக்காக நான் ஒரு மாலைப்பொழுதையே செலவிட வேண்டியிருந்தது.

ஆகவே, இடமறிந்து போரிடும் வியூக ஆட்டத்தை விரும்புகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நட்பும் துரோகமும் நீண்ட பயணமும் கொண்ட கதையை நான்கைந்து பேராகச் சேர்ந்து சொல்ல விரும்புகிறவர்கள், முக்கியமாக இதுவரை திரையில் மட்டுமே ஆடியவர்கள், தயங்காமல் தொடங்கலாம். முதலில் பிரஸ் ஸ்டார்ட் என்ற இலவசத் தொடக்க நூலைப் பதிவிறக்குங்கள். கன்சோல் விளையாட்டின் முதல் ஒரு மணி நேரத்தைப் போலவே அது காட்சிக்கொரு விதியாகக் கற்றுத்தருகிறது. அது பிடித்திருந்தால் மட்டும் முதன்மை நூலை வாங்குங்கள். உயர்மாயம், தொழில்நுட்ப மாயம், இயற்கை மாயம் என்று தனித்தனியே வந்துள்ள அட்லஸ் என்ற துணைநூல்களை, உங்கள் குழு தன் உலகத்தின் வரைபடத்தை வரைந்து முடித்த பிறகு, அந்த உலகத்துக்கு எது பொருந்துகிறதோ அதை மட்டும் வாங்கினால் போதும்.