ஐஸ்லாந்தா, அயர்லாந்தா: எதைப் படிப்பது?

சிறிய நாட்டில் வங்கிகள் ஏன் கவிழ்கின்றன என்று படிக்க, 2008-இல் வங்கிகள் நெருக்கடியில் சிக்கிய இந்த இரண்டு நாடுகளில் எதை எடுப்பது?

கடன் போன இடம்
ஐஸ்லாந்து: வெளிநாட்டு நிறுவனங்களை வாங்க. வங்கிகளின் சொந்தப் பங்குதாரர்களுக்கே பெரும் கடன்கள்!
அயர்லாந்து: வீடு, மனை, கட்டுமானம்.

பணம் வந்த வழி
ஐஸ்லாந்து: சர்வதேசக் கடன் சந்தை, அப்புறம் பிரிட்டன், நெதர்லாந்து மக்களின் இணைய வைப்புத்தொகை. நாட்டின் மூன்று பெரிய வங்கிகளின் சொத்து நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு. கடன் பெரும்பாலும் அந்நியச் செலாவணியில். மத்திய வங்கியால் அச்சிட முடிந்ததோ உள்நாட்டு நாணயமான குரோனா மட்டும். என் பார்வையில் ஆணிவேர் இதுதான்.
அயர்லாந்து: வெளிநாட்டு வங்கிகள், யூரோவின் மலிவு வட்டி.

அரசு
ஐஸ்லாந்து: வங்கிகளை விழவிட்டது.
அயர்லாந்து: வங்கிகளின் கடன்களுக்கு உத்தரவாதம் தந்தது, 2010-இல் அரசுக்கே 85 பில்லியன் யூரோ மீட்புத் திட்டம் தேவைப்பட்டது.

நாட்டை மீறி வளர்ந்த வங்கிகளைப் புரிந்துகொள்ள ஐஸ்லாந்து. மனை விலை வீக்கத்துக்கு அயர்லாந்து.