சந்தா கட்டித் தேடியபோது கிடைக்காத அபி

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எண்பத்திரண்டு வயதுப் பாட்டி. கீழே அவர், மாடியில் நான். போன நவம்பரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லப் போனவளை உட்கார வைத்து, டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, எங்கள் அபியைக் கண்டுபிடித்துக் கொடு" என்றார். ஹீட்டர் பேச்சு அதோடு போயிற்று.

அபி அவருடைய பாட்டியின் தங்கை. பேரா தீபகற்பத்தின் கடைசியில் இருக்கும் அலிஹீஸ் ஊர்க்காரி. அமெரிக்கா போனாள், இரண்டு கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. குடும்பத்தில் தெரிந்தது அவ்வளவுதான். குடும்பப் பெயர் சல்லிவன். அந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு சல்லிவன் வீட்டு வாசலில்தான் விழ வேண்டும்.

முதலில் நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் பார்த்து, காசு வாங்கும் ஒரு வம்சாவளித் தளத்தில் சேர்ந்தேன் (பெயர் வேண்டாம்). பதினாலு நாள் இலவசம். பதினைந்தாம் நாள் காலையில் முழு வருடச் சந்தாவும் கார்டிலிருந்து போயிருந்தது. சரி, போனது போகட்டும் என்று தேடினால், யார் யாரோ போட்டு வைத்த குடும்ப மரங்களாக வந்து விழுந்தன. ஒரு மரத்தில் அபி 1891-ல் பிறந்து 1893-ல் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். ஒருவர் தப்பாக ஒட்டியதை இன்னும் பதினேழு பேர் அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஈ பக்கம் போனேன். அரசு நடத்துவது, முழுக்க இலவசம். இத்தனை நாள் போகாததற்குக் காரணம், "அயர்லாந்து ஆவணமெல்லாம் 1922-ல் எரிந்துவிட்டது" என்று இங்கே எல்லோரும் சொல்வதுதான். பாதி உண்மை. அந்த வருடம் ஜூன் 30 அன்று டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் பெரும்பாலும் அதில் போயின. 1851-க்குப் பிந்தைய நாலு கணக்கெடுப்பை, தீப்பிடிப்பதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆனால் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் அங்கே இல்லை, தப்பித்துவிட்டன. 1864-லிருந்து எல்லா மதத்தாருக்கும் பதிவு உண்டு. நூறு வருடம் தாண்டிய பிறப்பு, 75 தாண்டிய திருமணம், 50 தாண்டிய இறப்பு என்றால் பதிவேட்டுப் பக்கத்தின் படமே திறக்கிறது.

அபி என்று போட்டேன். ஒன்றும் இல்லை. கீழே போய்ச் சொன்னதும் பாட்டி சிரித்தார். "அபி என்றால் கோப்னட் அல்லவா!" புனித கோப்னட் இந்த மாவட்டத்து பாலிவூர்னியில் வாழ்ந்தவர், தேனீ வளர்ப்பவர்களுக்குக் காவல். ஐரிஷ் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்தர்கள் அபிகெயில் என்றோ டெபோரா என்றோ போட்டுவிடுவார்களாம். மேலே வந்து அபிகெயில் என்று அடித்தேன். வந்துவிட்டாள்.

ஒரு பக்கத்துக்குப் பத்துக் குழந்தைகள். அபிக்கு நேரே: பிறந்த நாள் 1891 மார்ச் 2, அப்பா பெயர், அம்மா பெயரோடு அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், தகவல் சொன்னவர் அம்மா, அவர் பெயருக்கு நடுவில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. பதிவு செய்த நாள் மே 28. அதே தளத்தில் தேவாலயப் பதிவுகளும் இருக்கின்றன (எல்லா மாவட்டத்துக்கும் இல்லை, கெர்ரி மறைமாவட்டத்துக்கு உண்டு, பேரா அதில்தான் வருகிறது). அங்கே ஞானஸ்நானம் பிப்ரவரி 12! பிறப்பதற்குப் பதினெட்டு நாள் முன்னால் ஞானஸ்நானம் வாங்கிய குழந்தை. விஷயம் என்னவென்றால், மூன்று மாதத்துக்குள் பதியாவிட்டால் அபராதம். அதனால் பிறந்த நாளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிடுவார்கள். பிப்ரவரி 11 கோப்னட் திருநாள். அவள் உண்மையில் எப்போது பிறந்திருப்பாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளம். 1901, 1911 கணக்கெடுப்பு, வீட்டுக்கு வீடு நிரப்பிக் கொடுத்த படிவங்கள், இதுவும் இலவசம். 1901 படிவத்தில் அபி இருக்கிறாள், பள்ளி மாணவி. அப்பாவுக்கு வயது 54. 1911-ல் அதே அப்பாவுக்கு 70. பத்து வருடத்தில் பதினாறு வயது ஏறியிருக்கிறது. காரணம், 1909-ல் முதியோர் பென்ஷன் வந்தது, எழுபது ஆனவர்களுக்குத்தான். அலிஹீஸில் மட்டுமல்ல, நாடு முழுக்கவே பல பேர் அவசர அவசரமாகக் கிழவர்களாகியிருக்கிறார்கள்.

1911-ல் அபி வீட்டில் இல்லை. இறந்துவிட்டாளோ என்று பாட்டிக்குப் பயம். அந்த வருடப் படிவத்தில் மட்டும், கல்யாணமான பெண்களிடம் எத்தனை குழந்தை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா சொன்ன பதில்: ஒன்பது, ஏழு. திரும்பப் பதிவேட்டுக்குப் போனேன். ஒன்பது பிறப்பும் கிடைத்தது. சின்ன வயதில் இறந்த இரண்டு பேரும் கிடைத்தார்கள், ஒன்று எட்டு மாதம், ஒன்று இரண்டு வயது. இரண்டுமே ஆண் குழந்தைகள். அப்படியென்றால் 1911 ஏப்ரல் 2 அன்று அபி எங்கேயோ உயிரோடு இருந்தாள். இதைச் சொன்னபோது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். நூறு வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம், இருந்தாலும்.

அடுத்தது, குடியேற வந்தவர்கள் நியூயார்க்கில் இறங்கிய எல்லிஸ் தீவு. அதன் பதிவுகளில் கப்பல் பட்டியல் கிடைத்தது. 1910, ஏறியது குயின்ஸ்டவுன், இன்றைய கோவ் துறைமுகம்தான். 1907-க்குப் பிறகு வந்த பட்டியல் என்றால் ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் பெயரும் விலாசமும் இருக்கும்; அபிக்கு அப்பா, அலிஹீஸ். கையில் 25 டாலர். முடி சிவப்பு. போகிற இடம் அண்ணன் ஜான் வீடு, பியூட், மொன்டானா. அலிஹீஸில் செம்புச் சுரங்கம் படுத்துவிட்டதும் அந்த ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போன செம்புச் சுரங்க ஊர் அது.

அங்கிருந்து ஃபேமிலிசர்ச். மோர்மன் சபையார் நடத்துவது, கணக்கு மட்டும் தொடங்க வேண்டும், காசில்லை. பியூட்டில் அபியும் இல்லை, அபிகெயிலும் இல்லை. கோப்னட் நினைவுக்கு வந்து டெபோரா என்று போட்டேன். 1914-ல் திருமணம். மணமகளின் அம்மா பெயரும் பிறந்த வீட்டுப் பெயரும் எழுத்துப் பிசகாமல் நம்முடையது. 1920 கணக்கெடுப்பில் அவள் வீட்டில் கணவரைத் தவிர நாலு சுரங்கத் தொழிலாளிகள் வாடகைக்கு இருக்கிறார்கள். மாடியை வாடகைக்கு விடுவது உங்கள் குடும்ப வழக்கமா என்று பாட்டியைக் கேட்டேன். ஹீட்டர் மறுநாளே சரியானது.

யாருக்கு இந்த இலவசத் தளங்கள் சரிப்படாது என்றும் சொல்ல வேண்டும். மூதாதையர் 'அயர்லாந்திலிருந்து வந்தார்' என்பதற்கு மேல் தெரியாதவர்களுக்குக் கஷ்டம். டவுன்லேண்ட் பெயர் தெரிய வேண்டும். நம்மூர்க் குக்கிராமம் மாதிரி, அயர்லாந்துத் தீவு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பதிவு மாவட்டங்களின் எல்லையும் இன்றைய மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்களுக்கு 1922-லிருந்து வேறு அலுவலகம், அங்கே காசு உண்டு. 1864-க்கு முன்னால் கத்தோலிக்கர்களைத் தேட தேசிய நூலகம் 2015-ல் இலவசமாக ஏற்றிய தேவாலயப் பதிவேட்டுப் படங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கே பெயர் போட்டுத் தேட முடியாது. கோழிக்கிறுக்கல் லத்தீனைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

இந்த இலவசத் தளங்களுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. சந்தாவை ரத்து செய்துவிட்டேன்.

பாட்டி இப்போது அபியின் அண்ணனைத் தேடச் சொல்கிறார். சல்லிவன், அதிலும் ஜான், அதுவும் பியூட்டில்.