ஹீட்டர் பிளக் நல்லது, அந்த மஞ்சள் லைட்தான் பொய்

பழைய 2.8 லீட்டர் டீசல் வேனுக்குப் புது ஹீட்டர் பிளக் செட் (குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காக சிலிண்டருக்கு ஒன்றாக இருந்து சூடேற்றும் மின் பிளக்குகள்) போடுவது வீண் செலவா என்று ஒரு நண்பர் கேட்டார். கொழும்பில் ஓடினால் அவசரமில்லை. நுவரெலியாவில் கட்டாயம் வேண்டும். 1,868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜனவரி, பெப்ரவரி விடியலில் பக்கத்து அம்பேவெலயில் உறைபனியால் புல்லே வெளுத்துக் கிடக்கும். டீசல் பற்றுவது பிஸ்டன் காற்றை அமுக்கி உண்டாக்கும் சூட்டில்தான். ப்ரீ-சேம்பர் எஞ்சினில், அதாவது டீசல் முதலில் ஒரு சிறு அறைக்குள் பற்றும் எஞ்சினில், அந்தச் சூட்டில் நிறையவே குளிர்ந்த சுவர் குடித்துவிடும்.

நல்ல செட் இருந்தால் வேலை சுகம். ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சாவியை ஒன்னில் வையுங்கள். டாஷ்போர்டின் மஞ்சள் லைட் அணைந்த பிறகும் ஐந்து செக்கன் பொறுத்து, அக்ஸலரேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடித்தால் வெள்ளைப் புகை இல்லாமல் பிடிக்கும். பத்து செக்கனுக்கு மேல் அடிக்கக்கூடாது. அரை நிமிடம் விட்டு, மறுபடி சூடாக்கித்தான் அடிக்க வேண்டும்.

எரிச்சலெல்லாம் டாஷ்போர்டில் இருக்கிற அந்த மஞ்சள் சுருள் லைட்டின் மேல்தான். அது பிளக்கின் சூட்டைப் பார்ப்பதே இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரின் சூட்டைப் பார்க்கும் சென்சரைக் கேட்டு டைமர் போடும் கணக்கு அது. நான்கு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். அதை நம்பி பெட்டரியை மாற்றி, ஸ்டார்ட்டர் மோட்டரையும் கழற்றிப் பார்த்தவர்கள் அநேகம். ஒரு பிளக் போனால் எஞ்சின் பிடித்ததும் ஒரு நிமிடம் மூன்று காலில் நொண்டும், வேகாத டீசல் நாறும். இரண்டு போனால் இறக்கத்தில் உருட்டித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டிவரும். தோட்டத்து டிரைவர்மார் வேனை இறக்கம் பார்த்தே நிறுத்துவது சும்மா இல்லை.

சோதிக்கும்போது நான்கையும் இணைக்கும் பித்தளைப் பட்டையை முதலில் கழற்றுங்கள். கழற்றாமல் மீட்டர் வைத்தால் நல்ல பிளக்கின் அளவு செத்ததையும் மறைத்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அது போய்விட்டது. மூடுபனி ஈரத்தில் பட்டை பச்சை பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்தாலே பாதி வியாதி தீரும்.

கழற்றுவது எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான். முந்தின இரவே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு, 12 மில்லிமீட்டர் அளவுள்ள நீளமான சொக்கட்டால் மெதுவாகத் திருப்புங்கள். வாங்கும்போது பழையதில் பொறித்திருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 11 வோல்ட் இருந்த இடத்தில் 6 வோல்ட் போட்டால் நுனி வீங்கி சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே சிக்கும். எஞ்சின் பிடிக்கக் காற்று வழியில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். சூடான பிளக்கில் பட்டால் நேரம் தப்பி வெடித்து பிஸ்டன் ரிங்கை உடைத்துவிடும்.

பிளக்கை நான் குறை சொல்லவில்லை, போட்ட காசுக்கு மேலேயே உழைக்கிறது. ஆனாலும் நுவரெலியாவில் இருந்துகொண்டு புதிதாக வேன் தேடுகிறவரிடம் இந்த பிளக் தொல்லையே இல்லாத பெட்ரோல் வேனையே பாருங்கள் என்றுதான் சொல்வேன்.