பழைய டார்க்ஃப்ளைட் கியர்பாக்ஸுக்கு லோக்கர் கிக்டவுன் கேபிள்: யாருக்குச் சரி, யாருக்கு வீண் செலவு

அறுபதுகளின் பிளிமத், டாட்ஜ், கிரைஸ்லர் வண்டிகளில் ஆட்டோமேட்டிக் என்றாலே டார்க்ஃப்ளைட்தான். 1960இல் வந்த சின்ன 904 ஆனாலும், 1962இல் வந்த பெரிய 727 ஆனாலும் எவ்வளவு அடித்து ஓட்டினாலும் தாங்கும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காது. கார்புரேட்டர் (எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகம்) எவ்வளவு திறந்திருக்கிறது என்பது கியர்பாக்ஸுக்குச் சரியாகப் போய்ச்சேர வேண்டும். அதே காலத்து ஜி.எம்., ஃபோர்டு கியர்பாக்ஸ்கள் பலவற்றில் இந்த வேலையை எஞ்சினின் வெற்றிட இழுவையால் இயங்கும் வேக்குவம் மாடுலேட்டர் பார்த்துக்கொள்ளும். இதில் அது கிடையாது. இரும்புக் கம்பிகளும், அவற்றின் இழுவையைத் திசை திருப்பும் பெல்கிராங்கும்தான். அந்தக் கம்பிகளைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்குத்தான் லோக்கர் நிறுவனத்தின் இந்தக் கிக்டவுன் கேபிள் கிட்.

ஓவர்டேக் செய்யும்போது கியர் இறங்குவதற்கு (கிக்டவுன்) மட்டும்தான் இந்த இணைப்பு என்று நினைத்துக்கொண்டு, கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1966 முதலான கியர்பாக்ஸ்களின் இடப்பக்கத்தில் ஒரே அச்சில் இரண்டு லீவர்கள் இருக்கும். ஒன்று கியர் தேர்வுக்கு, மற்றது மிதியின் அளவுக்கேற்ப ஆயில் அழுத்தத்தை மாற்றும் த்ராட்டில் வால்வுக்கு. இந்த இரண்டாவது லீவர் பின்னோக்கி நகர நகர ஆயில் அழுத்தம் ஏறும், கியர் மாறும் வேகமும் தள்ளிப்போகும். லீவர் முன்னாலேயே கிடந்தால் அழுத்தம் கீழேயே நிற்கும். வண்டி சீக்கிரமே, வெண்ணெய் மாதிரி மூன்றாவது கியருக்குப் போகும். ஓட்டுகிறவருக்குச் சுகமாகத்தான் இருக்கும். உள்ளே முன் கிளட்ச் பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும். ஆயில் பழுப்பாகித் தீய்ந்த வாடை வரும்போது காலம் கடந்திருக்கும்.

கிட்டுக்கு வருவோம். தரத்தில் குறை சொல்ல இடமில்லை. ஸ்டெயின்லெஸ் கம்பி பின்னிய உறை, கடைந்தெடுத்த அலுமினிய முனைகள், கியர்பாக்ஸ் பக்கத்து பிராக்கெட். நீளத்தை நாமே அளந்து வெட்டிக்கொள்ள வேண்டும். கார்புரேட்டர் பக்கத்து பிராக்கெட்டுக்குத் தனி விலை. கிட்டின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். வெட்டும்போது கட்டிங் பிளேயரைத் தொடவே கூடாது. உறையில் டேப்பை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கட்-ஆஃப் வீலால் அறுத்தால் பின்னல் பிரியாது. உள்கம்பியை நீளமாகவே விட்டுவைத்து, எல்லாச் சரிபார்ப்பும் முடிந்தபின் நறுக்கினால் போதும்.

வழித்தடம்தான் முதல் தலைவலி. கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும், லீவரோ பின்னோக்கிப் போக வேண்டும். அதனால் கேபிள் மேலிருந்து இறங்கி, லீவருக்குப் பின்னால் வளைந்து வந்து பிடிக்க வேண்டியிருக்கும். அந்த வளைவு அகலமாக இருக்கட்டும். இறுக்கி மடித்தால் உள்கம்பி உரசி, லீவர் திரும்பி வராமல் நின்றுவிடும். சூடேறும் ஹெடர் (புகைபோக்கி) குழாயிலிருந்து நன்றாக விலக்கிக் கட்டுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை நல்ல நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் இந்த மாதிரி உலோகக் கேபிள்கள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடேறி உறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிடும், பலர் பழியைக் கேபிள்மேல் போடுவார்கள்.

இரண்டாவது தலைவலி கார்புரேட்டர். கிட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கார்புரேட்டர் லீவரில் கேபிளைக் கோக்கும் முளை (pin) லீவரின் அச்சிலிருந்து சரியான தூரத்தில் இல்லையென்றால் எல்லாம் வீண். ஹோலி, எடெல்பிராக் கார்புரேட்டர்களைப் பொதுப் பயன்பாட்டு லீவரோடுதான் விற்கிறார்கள். கிரைஸ்லர் வண்டிக்கான லீவர் அடாப்டரைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். அது இல்லாமல் மாட்டினால், முழு ரேஸில் சரிசெய்தால் ஐடிலில் (மிதியைத் தொடாத நிலையில்) தவறும், ஐடிலில் சரிசெய்தால் முழு ரேஸில் தவறும். எத்தனை தடவை நட்டைத் திருகினாலும் தீராது.

அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு முன் எஞ்சினைச் சூடாக்கி ஐடில் வேகத்தை முடித்துவிடுங்கள். பின்னால் ஐடிலைத் தொட்டால் கேபிளும் மாறிவிடும். எஞ்சினை நிறுத்துங்கள். சோக் (குளிர் எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுதாகத் திறந்து, குளிரில் ஐடிலைக் கூட்டிவைக்கும் ஃபாஸ்ட் ஐடில் கேமிலிருந்து ஸ்க்ரூ விலகியிருக்க வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஒருவரை உள்ளே உட்காரவைத்து மிதியைத் தரைவரை அழுத்தச் சொல்லுங்கள். கையால் கார்புரேட்டரைத் திறந்து பார்ப்பது உதவாது. கார்ப்பெட் தடித்திருந்தால் மிதி அந்த அளவுக்குப் போகவே போகாது. மிதி தரையில் இருக்கும்போது கியர்பாக்ஸ் லீவர் பின்பக்க ஸ்டாப்பைத் தொட்டு நிற்க வேண்டும். கார்புரேட்டர் முழுதாகத் திறக்கும் முன்பே லீவர் முட்டினால் எஞ்சின் சக்தி குறையும், கேபிளும் ஒருநாள் அறும். மிதியை விட்டதும் லீவர் முன்பக்க ஸ்டாப்புக்கு வர வேண்டும். அங்கே தொய்வு இருக்கக் கூடாது, இழுவையும் இருக்கக் கூடாது. ரிட்டர்ன் ஸ்பிரிங்கைத் தவிர்க்காதீர்கள்.

ரோட்டில் ஓட்டும்போது, லேசான மிதியில் மணிக்குச் சுமார் 10 மைலில் இரண்டாவதும், 15 முதல் 20 மைலுக்குள் மூன்றாவதும் விழுந்தால் திருப்தி. பின் ஆக்சில் விகிதத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். சீக்கிரம் விழுந்தால் கேபிளை ஒன்றரை மி.மீ. அளவுக்கு இறுக்குங்கள். நேரமாகி, உதைத்துக்கொண்டு விழுந்தால் அதே அளவு தளர்த்துங்கள். மூன்றாவதில் 50 மைலில் போகும்போது மிதியைத் தரையோடு அழுத்தினால் இரண்டாவதுக்கு இறங்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் கியர்பாக்ஸில் ஆயில் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜை மாட்டுங்கள். பின் சக்கரங்கள் தரையில் படாமல், செலக்டர் 1இல், எஞ்சின் 1000 ஆர்பிஎம்மில் இருக்கட்டும். கேபிளைக் கழற்றி, லீவரைக் கையாலேயே நகர்த்துங்கள். முன்னால் இருக்கும்போது லைன் பிரஷர் (கியர்பாக்ஸின் முக்கிய ஆயில் அழுத்தம்) 54 முதல் 60 பிஎஸ்ஐ, பின்னால் தள்ளத் தள்ளப் படிப்படியாக ஏறி 90 முதல் 96. இது கிரைஸ்லர் சர்வீஸ் மேனுவலின் கணக்கு. இந்த எண்கள் வந்தும் கியர் தவறாக மாறினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். எண்களே வரவில்லையென்றால் கேபிளை நோண்டிப் பயனில்லை, கியர்பாக்ஸைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரிஜினல் இன்டேக் மேனிஃபோல்டு (கார்புரேட்டர் உட்காரும் பாகம்), ஒரிஜினல் கார்ட்டர் நிறுவனக் கார்புரேட்டர், முழுசாக இருக்கும் கம்பிகள், இவை உங்களிடம் இருந்தால் இந்தக் கிட் வேண்டாம். பெல்கிராங்கில் உள்ள துளையில் 3/16 அங்குலக் கம்பியைச் செருகி நிலைநிறுத்திச் சரிசெய்யும் பழைய முறை இதைவிடச் சுலபம், வருடக்கணக்கில் அசையாது. மேனிஃபோல்டை மாற்றியவர்கள், ஹெடர் போட்டுக் கம்பிக்கு இடமில்லாமல் தவிப்பவர்கள், அல்லது கம்பிகளே இல்லாமல் வண்டியை வாங்கியவர்கள் தாராளமாக வாங்கலாம்.

கேபிளை மாட்ட லீவரைக் கழற்றும் நேரத்திலேயே அந்த அச்சின் சின்ன சீலையும் மாற்றிவிடுங்கள். நிறுத்திவைத்த வண்டியின் கீழே தேங்கும் சிவப்பு ஆயிலுக்குப் பல சமயம் அதுதான் காரணம். கியர் தேர்வுக் (செலக்டர்) கம்பிகளின் முனைகளைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குரோமெட்டுகளைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள், புதிது போடுங்கள். உள்ளே செலக்டரைப் பார்க்கில் வைத்து, கியர்பாக்ஸின் தேர்வு லீவரை முழுதாகப் பின்னால் தள்ளி, எந்தப் பக்கமும் இழுவை இல்லாமல் கம்பியின் நீளத்தை நிலைநிறுத்தும் ஸ்விவல் போல்ட்டை இறுக்குங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும்தான் ஸ்டார்ட் ஆக வேண்டும்.