தென்சென்னைப் புறநகர்: தனிமனையா, அடுக்குமாடியா?

முடிச்சூர், வண்டலூர் பக்கம் மனை மனையாகப் பிரித்து விற்கும் லேஅவுட்டுகளையும் பழைய மாமல்லபுரம் சாலையோரம் எழும் அடுக்குமாடிகளையும் நிலம், நீர் என்ற இரண்டு கணக்குகளில் மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன். விலையைப் பற்றிப் பேச ஆட்கள் ஏராளம்.

நிலக்கணக்கில் அடுக்குமாடியே வெல்கிறது. ஓர் ஏக்கர் என்பது சுமார் 18 கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). அதைக் கிரவுண்டு மனைகளாகப் பிரித்தால் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான் தேறும். தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2 என்று வைத்துக்கொண்டாலே அதே இடத்தில் 1,000 சதுர அடியில் எழுபது, எண்பது குடும்பங்களைக் குடியமர்த்திவிடலாம்.

நீர்க்கணக்கு அவ்வளவு எளிதல்ல. தனிவீட்டைச் சுற்றி மழை இறங்க மண் இருக்கும் என்பது ஏட்டளவில் சரி. நடப்பில், புதிதாகக் கட்டுபவர் கிராவல் கொட்டித் தெருவைவிட உயரமாக மனையை மேடாக்குவார். பிறகு தெருவே உயரும். முன்பே கட்டியவரின் வீடு பள்ளத்தில் நிற்கும். 2016இல் உயர் நீதிமன்றம் பத்திரப்பதிவுக்குத் தடை விதிக்கும்வரை அங்கீகாரமற்ற மனைகள் தாராளமாகக் கைமாறின. அடுத்த ஆண்டு வந்த வரன்முறைத் திட்டம் மனைக்கு அங்கீகாரம் தந்ததே ஒழிய, தூர்ந்த வாய்க்காலைத் திறந்துவிடவில்லை. வாய்க்கால் தூர்ந்ததன் விளைவோ அதற்கு முன்பே, 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் புகுந்தபோதே தெரிந்திருந்தது.

அடுக்குமாடிகளின் குறை உயரத்தில் இல்லை, அவை நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளத்தில் கடல் சேர்கிறது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பின் ஓரங்களிலும் நீர் போகும் தடங்களிலுமே கட்டடங்கள் நெருங்கின. மேலும், பல வளாகங்கள் லாரித் தண்ணீரை நம்பியிருப்பதால், இங்கே மிச்சமான நிலத்துக்கான விலையை எங்கோ ஒரு கிராமத்து வயற்கிணறு கொடுக்கிறது.

என் தேர்வு இவ்விரண்டுக்கும் வெளியே, 1931 முதல் மின்ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் தடத்தையொட்டி, பல்லாவரம், குரோம்பேட்டை போன்ற பழைய குடியிருப்புகளில் இருக்கிறது. பழைய ஒற்றை மாடி வீடுகளின் இடத்திலேயே நான்கைந்து மாடி கட்டினால் புதிதாக ஓர் ஏரிப் பாசன நிலமும் அழியாது. அங்கும் ஒரு சிக்கல் உண்டு: தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட தெருக்களில் கூடுதல் குடும்பங்கள் வருமுன் குழாய்க் குடிநீர் வந்தாக வேண்டும்.