30 நாள் விசாவும் அம்மாவின் இடுப்பெலும்பும்

இந்த முறை ஊருக்குப் போனபோது கையில் இருந்தது 30 நாள் ஈடிஏ, அதாவது இலங்கைக்கு வர இணையத்தில் எடுக்கிற பயண அனுமதி. கனடியக் கடவுச்சீட்டோடு போகிற எங்களில் அநேகம் பேர் அதோடுதான் போகிறோம். 26ஆம் நாள் திரும்புவதற்குச் சீட்டும் போட்டிருந்தேன். 17ஆம் நாள் விடிய அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. சத்திரசிகிச்சை முடிந்தாலும் ஆறு கிழமையாவது பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார் டொக்டர்.

விமானச்சீட்டை ஒரு போன் கதையோடு மாற்றிவிட்டேன். விசாதான் தலையிடி. பார்க்க வந்த எல்லாரும் "பத்தரமுல்லைக்குப் போனால்தான் அலுவல் முடியும்" என்றார்கள். விசா கொடுக்கிற திணைக்களத்தின் தலைமை அலுவலகம் அங்கேதான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ், அங்கிருந்து பத்தரமுல்லை, பிறகு வரிசை. அம்மாவை வார்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது? ஆனால் அது பழைய கதை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே வருகை விசாவை நீடிக்க விண்ணப்பிக்கலாம்.

சந்தியில் ஒரு கொமினிகேஷன் கடையில் கடவுச்சீட்டை ஸ்கேன் பண்ணி விண்ணப்பத்தை அனுப்பினேன். மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது: நாட்டுக்குள் வந்த முத்திரை தெளிவில்லை, திரும்ப அனுப்பவும். எடுத்துப் பார்த்தால் உண்மைதான். கட்டுநாயக்க விமானநிலையத்தில் குத்திய முத்திரை, 2019இல் குத்திய பழைய முத்திரையின் மேல் பாதி ஏறிக் கிடந்தது. ஜூலை 3இன் அந்த 3, ஸ்கேனில் 8 மாதிரித் தெரிந்தது. அடுத்த நாள் காலை வெயில் சரிவாக விழுகிற நேரம் பார்த்து, முற்றத்தில் ஒரு கதிரையில் கடவுச்சீட்டை விரித்துவைத்து, போனில் நானே படம் எடுத்து அனுப்பினேன். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பணம் கட்டுகிற இடத்தில் இன்னொரு தடங்கல். வெளிநாட்டுக் கொடுப்பனவு என்று என் வங்கி அட்டையை மறித்துவிட்டது. டொரோன்டோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். அங்கே வங்கி திறக்கும்வரை இரவு காத்திருந்து கதைத்த பிறகுதான் சரிவந்தது. 27ஆம் நாள் நீடிப்பு மின்னஞ்சலில் வந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 30 நாளை ஒரு மாதம் என்று எண்ணாதீர்கள். ஜூலை 3 வந்திறங்கினால், வந்த நாளையும் சேர்த்து ஆகஸ்ட் 1 முப்பதாம் நாள். ஆகஸ்ட் 3 இல்லை. அப்புறம், விமானநிலையத்தில் முத்திரை குத்தித் தந்ததும் அந்த இடத்திலேயே திகதியைப் பாருங்கள். தெளிவில்லை என்றால் அங்கேயே கேட்டுவிடலாம்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் அக்காவும் பிரான்சிலிருந்து வந்திருந்தார். எழுபது வயது இருக்கும். அவருக்கும் நாள் முடிகிறது. "பிள்ளை, எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வரும், தமிழ் வரும். இங்கிலிஷ்தான் வராது" என்றார். நான் நிரப்பித் தருகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவில் இருந்தோம்.

"நாங்கள் பிறந்த ஊரில நிக்கிறதுக்கும் கேக்க வேணுமோ?" என்று கேட்டார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, நாங்கள் விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமையை எடுத்தால் இங்கேயுள்ளது போய்விடும், இரட்டைக் குடியுரிமை எடுத்தால்தான் விசா இல்லாமல் வந்து நிற்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டினார். ஆனால் விளங்கினது வேறு, மனம் ஏற்றது வேறு என்று முகம் சொன்னது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிரான்சுக்குப் போனதும் இரட்டைக் குடியுரிமைக்குத் தேவையான கடதாசிகளைத் தேடச் சொன்னேன், பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்கி.

பிறந்த இடம் என்ற கட்டம் வந்தது. சாவகச்சேரி என்று ஆங்கிலத்தில் அடித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் குனிந்தவர், எழுத்தெழுத்தாகச் சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். "ஓம், சரி. இனி அனுப்பு" என்றார்.