மைக்ரோசிப் கெடுவதில்லை, அதன் பின்னால் இருக்கும் போன் நம்பர்தான் கெடுகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுனில் நாய் காணாமல் போகும் காலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் வெடி வெடிக்கும் இரவுகள், பிறகு இடியோடு கொட்டும் மாலை மழை. மிரண்டு ஓடும் நாய் தாமான் (வீடமைப்புப் பகுதி) பின்வேலியைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், ஒரே மாதிரி வரிசை கட்டி நிற்கும் மரங்களுக்கு நடுவே திசை பிடிபடாமல் தோட்டத்தின் இன்னொரு டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் போய் நிற்கும். அங்கே அதற்குச் சோறு போட ஆள் இருக்கும், அது யார் வீட்டு நாய் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. இந்தச் சூழலில், தோலுக்கடியில் ஊசியால் போடும் அடையாள மைக்ரோசிப் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று, சிப் போட்டு ஆண்டுக்கணக்கில் ஆன நாய் பூனைகளை வைத்து எழுதுகிறோம்.

சிப் போட்டால் நாய் இருக்கும் இடம் போனில் தெரியும் என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் இன்னும் உண்டு. தெரியாது. அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குழாய் அது. சாதாரண அளவு 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமன். சின்ன ரகம் 8 மில்லிமீட்டர். உள்ளே செம்புக் கம்பிச் சுருளும் ஒரு பொடிச் சில்லும் மட்டுமே, பேட்டரி கிடையாது. ஸ்கேனர் அனுப்பும் அலையில் விழித்துக்கொண்டு 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை. உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் எதுவும் சிப்புக்குள் இல்லை. அவை எல்லாம் எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. பேட்டரி இல்லாததால் தீர்ந்துபோக ஒன்றுமில்லை, நாயின் ஆயுள் முழுக்க வரும்.

இடம் காட்ட வேண்டுமானால் அதற்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை தனியாக வேண்டும். அதற்கு சார்ஜ், சிம் கார்டு, லைன் மூன்றும் வேண்டும். செம்பனைப் பள்ளங்களில் லைன் கிடைப்பதே பாடு. ஏர்டேக் என்ற ஆப்பிளின் தேடு வில்லையோ, பக்கத்தில் ஐபோன் வைத்திருக்கும் ஆள் நடமாடினால்தான் இடம் சொல்லும், குலை வெட்டும் காட்டுக்குள் அது அபூர்வம். எனவே இவை இரண்டையும் சிப்புக்கு மாற்றாக நாங்கள் சொல்ல மாட்டோம்.

சிப் போடும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். மருத்துவர் முதலில் நாயின் உடம்பு முழுக்க ஸ்கேனரை ஓட்ட வேண்டும். கை மாறி வந்த நாயாக இருந்தால் உள்ளே ஏற்கெனவே ஒரு சிப் இருக்கலாம். அடுத்து, உறையைப் பிரிப்பதற்கு முன்பே ஊசிக்குள் இருக்கும் சிப்பை ஸ்கேன் செய்து, திரையில் வரும் எண்ணும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் போட்டுவிட்டு, பிறகு எண் பொருந்தவில்லை என்றால் வீண் குழப்பம். ஊசி தடுப்பூசி ஊசியைவிட நன்றாகவே பருமன், சாதாரண சிப்புக்கு 12 கேஜ். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் மயக்க மருந்து தேவையில்லை. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்கும்படி சரிவாக உள்ளே விட்டு, தண்டை முழுதாக அழுத்திவிட்டுத்தான் ஊசியை வெளியே எடுக்க வேண்டும். அழுத்திக்கொண்டே இழுத்தால் சிப் ஊசி வந்த பாதையிலேயே நின்று, பிறகு நழுவி விழும். இன்னொரு கோளாறும் நடக்கும். தூக்கிய தோல் மடிப்பின் மறுபக்கம் ஊசி துளைத்துக்கொண்டு வந்துவிட்டால் சிப் தோலுக்குள் போகாமல் ரோமத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும். சடை நாய்களில் கண்ணுக்கே தெரியாது. அதனால் போட்ட கையோடு ரோமத்தை விலக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், ஓரிரு நாள் குளிப்பாட்டவும் வேண்டாம்.

குட்டி மிகச் சிறியது, அல்லது பூனை என்றால் 8 மில்லிமீட்டர் சிப்பைக் கேளுங்கள், ஊசியும் மெல்லியது. கருத்தடை செய்யப் போகிற பிராணியானால் மயக்கத்தில் இருக்கும்போதே போட்டுக்கொள்ளலாம். இங்கே பலரும் ஈப்போவுக்குத்தான் கொண்டு போகிறார்கள், ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் முடியும்.

சிப்போடு பார்கோடு ஸ்டிக்கர்கள் வரும். ஒன்று தடுப்பூசிப் புத்தகத்தில், ஒன்று கிளினிக் ஏட்டில், ஒன்று வீட்டில் ஐசி (அடையாள அட்டை) நகல், வீட்டுப் பத்திரம் வைக்கும் கோப்பில். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தை எங்கே வைத்தோம் என்று தேடுவது நாய் காணாமல் போன அன்றுதான்.

எண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் உள்ள சிப்புக்கு எப்போதும் 15 இலக்கம். முதல் மூன்று இலக்கம் நாட்டின் எண்ணாக இருக்கலாம், மலேசியாவுக்கு 458. அல்லது 9-இல் தொடங்கும் தயாரிப்பாளர் எண்ணாக இருக்கும். 981 டேட்டாமார்ஸ், 985 டெஸ்ட்ரான் பியரிங் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்துக்கு உரியது. இந்த எண்களை ஐகார் என்ற சர்வதேச அமைப்பு ஒதுக்குகிறது. 900 என்று தொடங்கினால் பல தயாரிப்பாளர்கள் பகிர்ந்துகொள்ளும் எண், அதை வைத்து மட்டும் யார் பதிவேட்டில் தேடுவது என்று தெரியாது. ஆன்லைனில் மூட்டையாக விற்கும் மலிவுச் சிப்களில் இந்தச் சிக்கல்தான். விலை குறைவு என்று வாங்கி மருத்துவரிடம் கொண்டுபோய்ப் போடச் சொல்கிறவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றே: பதிவேடு எது என்று விற்கிறவர் சொல்ல முடியாத சிப்பை வாங்காதீர்கள். 9 அல்லது 10 இலக்கம் மட்டும் வருகிற சிப் பெரும்பாலும் பழைய 125 கிலோஹெர்ட்ஸ் ரகம். இப்போதுள்ள சிப்கள் 134.2 கிலோஹெர்ட்ஸ், அதை மட்டும் படிக்கும் ஸ்கேனர் பழையதைக் கண்டுகொள்ளாது.

போனிலேயே ஸ்கேன் செய்ய முடியாதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. போனில் உள்ள என்எப்சி (கிட்டத்தில் வைத்துப் படிக்கும் வசதி) 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது, பிராணிச் சிப்பின் அலைவரிசை அதற்குப் பிடிபடாது. கதவு அட்டை படிக்கும் மலிவுக் கருவியும் ஆகாது. வாங்குவதானால் பெட்டியில் 134.2 கிலோஹெர்ட்ஸ், எப்டிஎக்ஸ்-பி (இந்த 15 இலக்கச் சிப் எண்ணை அனுப்பும் முறை) என்று இரண்டும் போட்டிருக்க வேண்டும். லயத்துக்கு ஒன்று தேவையில்லை. பிராணித் தீனி விற்கும் கடையிலோ கோயில் பக்கத்து மளிகைக் கடையிலோ ஒன்று இருந்து, அது அங்கே இருப்பது ஊருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஸ்கேன் செய்வதிலும் பிசகு நடக்கிறது. பிடரியில் ஒரு முறை காட்டிவிட்டு சிப் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. தோலுக்கடியில் சிப் நகரும். தோளிலிருந்து கீழிறங்கி முழங்கை, நெஞ்சு வரை போன நாய்கள் உண்டு. கைக்கருவி படிக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான், அதனால் ரோமத்தைத் தொட்டும் தொடாமலும் மெதுவாகப் பிடரி, முதுகு, இரண்டு தோள், இரண்டு முன்னங்கால், நெஞ்சு என்று வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். பிறகு கருவியைக் குறுக்குவாட்டில் திருப்பி இன்னொரு சுற்று. சிப் கிடக்கும் கோணத்துக்கு ஏற்ப அலை வலுவாகவும் பலவீனமாகவும் வரும், ஒரு திசையில் பிடிபடாதது மறு திசையில் பிடிபடும். இரும்பு மேசை மேல் வைத்துப் பார்க்காதீர்கள், சங்கிலியையும் இரும்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி இறங்கிய கருவி கிட்டத்தில் உள்ளதைக்கூடத் தவறவிடும். ஆண்டுதோறும் தடுப்பூசிக்குப் போகும்போது ஒரு முறை ஸ்கேன் செய்யச் சொன்னால் சிப் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துபோகும், புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

இத்தனையும் ஒழுங்காக நடந்தும் நாய் வீடு வந்து சேராமல் போவதற்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா லார்டும் அவர் குழுவும் 53 பிராணிக் காப்பகங்களுக்கு வந்த சிப் போட்ட பிராணிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். காப்பகத்துக்கு வந்த தெரு நாய்களில் மொத்தத்தில் 21.9 விழுக்காடு உரிமையாளரிடம் திரும்பின, சிப் போட்டவற்றில் 52.2 விழுக்காடு. பூனைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது: 1.8-க்கு எதிராக 38.5. உரிமையாளர் கிடைக்காமல் போனவற்றில் முதல் காரணம் தவறான அல்லது துண்டிக்கப்பட்ட போன் நம்பர், 35.4 விழுக்காடு. சிப்பைப் பதிவே செய்யாதது 9.8 விழுக்காடு.

அமெரிக்கக் கணக்கு அது. நம் பக்கத்தில் நம்பர் மாறும் வேகத்தைப் பார்த்தால் நிலைமை அதைவிட நன்றாக இருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை. பிரிபெய்ட் நம்பரில் டாப் அப் போடாமல் விட்டால் லைன் செத்துவிடும், கொஞ்ச காலம் கழித்து அதே நம்பர் இன்னொருவர் கைக்குப் போகும். ஸ்கேன் செய்தவர் அழைத்தால் யாரோ எடுத்து ராங் நம்பர் என்று வைத்துவிடுவார். லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கோ மலிவு விலை அடுக்குமாடிக்கோ மாறிய குடும்பத்தின் பழைய முகவரியும் பயன்படாது. லயமே இடிக்கப்பட்டிருக்கலாம். பல வீடுகளில் நாயைப் பதிவு செய்தது ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் மகன், நாயை வளர்ப்பது இங்கே இருக்கும் அம்மா. எனவே பதிவில் இரண்டு நம்பர் கொடுங்கள். ஒன்று உங்களுடையது. மற்றொன்று இந்த ஊரிலேயே இருக்கிற, அடிக்கடி நம்பர் மாற்றாத ஒருவருடையது. அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், யாரிடம் கேட்டாலும் சம்மதிப்பார்கள். கிளினிக் பதிவு செய்துவிடும் என்று விட்டுவிடாமல், எந்தப் பதிவேடு, உள்ளே நுழைய என்ன பாஸ்வேர்டு என்று கேட்டு வாங்கி, உங்கள் எண்ணை நீங்களே அதில் தேடிப் பாருங்கள். பெட்மேக்ஸ் போன்ற தேடுதளத்தில் 15 இலக்கத்தைப் போட்டால் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று காட்டும். எதுவும் வராவிட்டால் சிப் இருந்தும் இல்லாத மாதிரிதான். சிம் மாற்றிய அன்றே பேங்குக்குச் சொல்வது போல் இதையும் மாற்றுங்கள்.

சிப் இருக்கிறது என்று கழுத்துப் பட்டையை விட்டுவிடக் கூடாது. தோட்டத்தில் நாயைக் கண்டெடுப்பவர் மண்டோராகவோ (மேஸ்திரி) குலை வெட்டும் பங்களாதேஷ் தொழிலாளியாகவோ இருப்பார், ஸ்கேனர் இருக்கும் இடம் வரை அவர் நாயைக் கொண்டுபோக மாட்டார். அவருக்குத் தேவை கண்ணுக்குத் தெரியும் ஒரு போன் நம்பர். சாவி வெட்டும் கடையில் எவர்சில்வர் தகட்டில் பெரிய எண்ணாக வெட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்கில் அச்சடித்தது வெயிலிலும் சேற்றிலும் சீக்கிரம் அழிந்துவிடும். எஸ் வளைவுக் கொக்கி விரிந்து விழும், சாவிக்கொத்தில் இருக்கும் இரட்டைச் சுற்று வளையம்தான் நிற்கும். செம்பனை மட்டை முள்ளில் பட்டை மாட்டிக்கொள்ளும் அபாயம் பூனைக்கு அதிகம், இழுத்தால் கழன்றுகொள்ளும் கொக்கிப் பட்டையே போடுங்கள். பட்டை போன பிறகும் உடம்போடு இருப்பது சிப், அதற்காகத்தான் இரண்டும்.

நகராண்மைக் கழகத்தின் நாய் உரிமம் வேறு, சிப் வேறு. சிப் போட்டுவிட்டதால் உரிமம் எடுக்க வேண்டாம் என்று ஆகாது. நாய் பிடிக்கும் வண்டியில் ஏற்றப்பட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் ஸ்கேன் செய்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல், அன்றே சிப் எண், படம், உரிமம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். உன் நாய்தான் என்று எப்படி நம்புவது என்ற கேள்விக்கு, ஒரே நிறத்தில் பத்து நாய் நிற்கும் கூண்டின் முன்னால், அந்த 15 இலக்கத்தைவிட நல்ல பதில் கிடையாது.

உடல்நலம் பற்றிய பயம்: ஊசி போட்ட இடத்தில் சின்ன வீக்கம் வந்து தானே வடியும். கட்டி உருவானதாக நாய் பூனைகளில் பதிவானவை மிகச் சில. தடித்து வளரும் எதையும் மருத்துவரிடம் காட்டுங்கள், மற்றபடி இதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

சிங்கப்பூருக்கு நாயைக் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் சிப் கட்டாயம். அங்கே 2024 செப்டம்பர் முதல் வீட்டுப் பூனைகளுக்கும் சிப் வேண்டும். முதலில் சிப், பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி என்ற வரிசையில் செய்யுங்கள், தடுப்பூசிச் சான்றில் சிப் எண் ஏற வேண்டும். தடுப்பூசி முந்திவிட்டால் பல நாடுகள் அதைக் கணக்கில் எடுக்காது, மறுபடி போட நேரும்.

குட்டிகளைக் கொடுக்கும்போது சிப் போட்டுக் கொடுத்தால் பதிவையும் புதியவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டால், இரண்டு வருடம் கழித்துத் தைப்பிங்கில் பிடிபட்ட நாய்க்கு உங்களுக்குத்தான் போன் வரும், அப்போது வாங்கிப் போனவரின் நம்பர் உங்களிடம் இருக்காது. மாற்றும் படிவத்தில் அவர் கையெழுத்து தேவைப்படலாம், ஆகவே குட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.